கயிற்று ஏணியில் சிவப்பு அம்பு

வேலம்பாளையம்,
10.6.2024

அன்புள்ள மாப்பிள்ளை அருள்செல்வனுக்கு, மச்சான் மகுடேஸ்வரன் எழுதுவது.

இங்கு நான் சௌக்கியம். மெஸ்ஸில் சாப்பாடு. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஏறினால் ஏறட்டும். அங்கு நீயும் வீட்டில் உள்ள மற்றவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ பாதியில் வைத்துவிடுகிறாய். போதாக்குறைக்குப் பின்னால் மிக்ஸி ஓடுகிறது, யாரோ பால்காரன் வந்தானா என்று கேட்கிறார்கள், எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. ஆகவே இனி எழுத்துதான். எங்கள் பனியன் கம்பெனிச் சரக்கை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகத்துக்கு வாராவாரம் வருகிற ரபீக் பாய் லாரியில் பெட்டியும் கடிதமும் வரும். பதிலையும் அவரிடமே கொடுத்துவிடு.

கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். நீ இங்கே எங்களோடு இருந்தபோது இருவருமாகத் தொடங்கிய கப்பலின் உடம்பு முடிந்துவிட்டது. தேக்குப் பட்டைகளைக் கம்பெனி ஸ்டீம் அயர்னில் காட்டிக் காட்டி வளைத்து ஒட்டினேன். விரலில் தோல் மிச்சமில்லை. மூன்று பாய்மரங்களும் கயிறு வேலையும் உன் பொறுப்பு என்று அன்றே பேசிக்கொண்டோம். மேல்தளத்தின் அளவுக்கு ஒரு பலகை வெட்டித் துளை போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் மரத்தை நட்டு, கயிறு கட்டி, பலகையோடு திருப்பி அனுப்பு. முதலில் முன்மரம். நான் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் அடுத்த மரம். எல்லாம் நிஜக் கப்பலில் நூறில் ஒரு பங்கு. அது நினைவிருக்கட்டும்.

உன் அக்கா அங்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மூலனூர்க் கல்யாணத்தில் அவள் முந்தானை ஓரம் தையல் பிரிந்து தொங்கியது. என் சட்டைப்பையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருந்தது. செக்கிங்கில் பனியனில் ஓட்டை இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவோமே, அதே அம்பு. எடுத்து ஒட்டினேன். வீட்டுக்குப் போனதும் தைத்துக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆயுசெல்லாம் செக்கிங்கில் நின்றவனுக்குக் கை சும்மா இருக்குமா? பந்தியில் நாலு பொம்பளைகள் பார்த்துச் சிரித்தார்களாம். அதற்குப் போய் ஒருத்தி மண்டபத்திலிருந்தே பஸ் ஏறிவிடுவதா?

சரி, அதை விடு. இது கப்பல் கடிதம். முன்மரத்தைச் சீக்கிரம் அனுப்பு.

மகுடேஸ்வரன்


தூத்துக்குடி,
25.6.2024

மரியாதைக்குரிய மச்சானுக்கு அருளின் வணக்கம்.

இங்கு இருவரும் நலம். சர்க்கரை ஏறினால் ஏறட்டும் என்று நீங்கள் எழுதியதை உரக்கப் படித்தேன். "மாத்திரை பிரிட்ஜுக்கு மேல நீல டப்பாவுல இருக்குதுன்னு எழுது" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. எழுதிவிட்டேன்.

பெட்டி பத்திரமாக வந்தது. எனக்கு ஆபீஸில் ஏற்றுமதிக் காகிதங்களோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருக்கிறது. அதனால் கயிறு கட்டுவதற்கு ஒரு ஆளைப் பிடித்திருக்கிறேன். புதுக் கை, ஆனால் பொறுமையான கை. பெயரை மட்டும் உங்களுக்கு எழுதக்கூடாது என்று நிபந்தனை. முன்மரத்தை நான் நட்டேன், கயிறு முழுக்க அந்த ஆள் வேலை. பெட்டியில் இருந்த உங்கள் கம்பெனி நூலைத்தான் முறுக்கிக் கயிறாக்கியிருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மச்சான், நீங்கள் எழுதமாட்டேன் என்று சொன்ன விஷயத்தைப் பற்றி எழுதினாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
அருள்


வேலம்பாளையம்,
9.7.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். மாத்திரை நீல டப்பாவில் இருந்தது. காலாவதியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. டப்பாவைக் காட்டியவரிடம் இதையும் சொல்லிவிடு.

முன்மரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். நூலில் பஞ்சு பஞ்சாக மயிர் நிற்கிறது. நூறு மடங்கு பெரிதாக்கினால் கரடி வால். தேன்மெழுகில் இழுத்துவிட்டுக் கட்டக்கூடாதா? அடுத்து, மாலுமிகள் மரத்தில் ஏறுகிற கயிற்று ஏணி. படிக்குப் படி ஏழு மில்லி இடைவெளி விட்டிருக்கிறது உன் ஆள். நான்கு மில்லிக்கு மேல் போகக்கூடாது. இந்த ஏணியில் ஏறுகிறவன் உச்சிக்குப் போவதற்குள் காலை விரித்தே செத்துப்போவான். இடது பக்கக் கயிறுகள் இறுக்கம், வலது பக்கம் கொடியில் துணி காயப்போட்ட மாதிரித் தொங்குகிறது.

குறை உள்ள இடங்களில் எல்லாம் அம்பு ஒட்டியிருக்கிறேன். முழு ஸ்டிக்கரை ஒட்டினால் மரமே மறைந்துவிடுகிறது, அதனால் கத்தரித்துச் சின்னதாக ஒட்டினேன். எத்தனை என்று எண்ணவில்லை. பிரித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்.

மெஸ்ஸில் தினமும் அதே சாம்பார். வீட்டில் மாடிக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் எண் யாரிடம் இருக்கிறதோ, கிடைத்தால் எழுது.

மகுடேஸ்வரன்


தூத்துக்குடி,
6.8.2024

அன்பு மச்சானுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. பிளம்பர் எண் காலண்டருக்குப் பின்பக்கம் எழுதியிருக்கிறதாம்.

உங்கள் அம்புகளைப் பார்த்து அந்த ஆள் இரண்டு நாள் பலகையைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அவிழ்த்தாயிற்று. நூலை மெழுகில் இழுத்து, ஏணிப்படிக்கு அட்டையில் நான்கு மில்லிக்குக் கோடு போட்டுப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிச்சாகப் போட்டது. கண் எரிகிறது என்று நடுவில் சொட்டு மருந்து. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

பெட்டியை மூடும்போது ஒரு கேள்வி வந்தது. "போன தடவ ஒரு எடத்துலயாவது நல்லாருக்குதுன்னு எழுதியிருந்தாங்களா?" நான் உங்கள் கடிதத்தை மறுபடி தேடிப்பார்த்து, இல்லை என்று சொன்னேன்.

கொஞ்சம் பார்த்து எழுதுங்கள், மச்சான்.

அருள்


வேலம்பாளையம்,
14.8.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லாம் வழக்கம்போல. பிளம்பர் வந்தார். குழாய் இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது.

நல்லாருக்குது என்று எழுதவில்லையாம். கம்பெனியில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பனியன் கையைத் தாண்டிப் போகிறது. நல்ல பனியனைப் பார்த்து, அப்பா நீ ரொம்ப நல்ல பனியன் என்று நான் சொல்லிக்கொண்டா இருக்கிறேன்? குறை இருந்தால் அம்பு, இல்லையென்றால் பெட்டி. அம்பு இல்லாத இடமெல்லாம் நல்ல இடம்தான். இதுகூடவா விளக்க வேண்டும்?

முன்னைக்குத் தேவலாம். அதை எழுதினால் உன் ஆளுக்கு மெத்தனம் வந்துவிடும், அதனால் சொல்லிவிடாதே. ஏணி அளவு சரி. நூல் சரி. ஆனால் கயிறு நீளம் பற்றாத இடத்தில் எல்லாம் ஒட்டுப்போட்டிருக்கிறது, அதுவும் தறி முடிச்சில். சோமனூரில் அறுந்த பாவு நூலை முடிவார்களே, அதேதான். நீ சோமனூர்க்காரன், நீதான் சொல்லிக்கொடுத்திருப்பாய். ஒரே கயிறாக ஓட வேண்டிய இடத்தில் ஒட்டு எதற்கு? கப்பலில் எவன் தறி ஓட்டினான்?

மறுபடியும் அம்பு ஒட்டி அனுப்புகிறேன். என் யோசனையைக் கேட்டால் அந்த ஆளை நிறுத்திவிடு. மனசு வேலையில் இல்லாத ஆள். இந்த மாதிரி ஆட்களை எவ்வளவு சொல்லியும் திருத்த முடியாது. நான் பார்க்காததா?

மகுடேஸ்வரன்


தூத்துக்குடி,
20.8.2024

மச்சான்,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் நிறுத்தச் சொன்ன ஆள் என் அக்கா. உங்கள் பெண்டாட்டி.

நான் ஆபீஸில் இருந்தபோது ரபீக் பாய் பெட்டியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கடிதத்தை அவளே பிரித்துப் படித்துவிட்டாள். நான் வந்தபோது பலகையை மடியில் வைத்துக்கொண்டு அம்புகளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு சொல்லியும் திருத்த முடியாதாமாடா என்னைய" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் கொடுத்த வேலை இல்லை இது. அவளாகக் கேட்டு வாங்கியது. நீங்கள் செய்த கப்பலுக்குக் கட்டுகிறோம் என்று தெரிந்தேதான் கட்டினாள். அப்பா தறி ஓட்டிய நாளில் எங்கள் வீட்டில் அறுந்த நூலை முடிந்தவள் அக்காதான், நான் இல்லை. அந்தக் கை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. உங்கள் பிள்ளை குகனுக்கே இருபத்து நான்கு வயதாகிறது, மச்சான். இத்தனை வருஷம் யாரோடு குடித்தனம் நடத்தினீர்கள்?

முந்தானையில் மட்டும் ஒட்டியதாக எழுதியிருந்தீர்கள். அடிப்பிடித்த பாத்திரத்தில் ஒட்டவில்லையா? வாசல் கோலத்தில் கம்பி தப்பிய இடத்தில் ஒட்டவில்லையா? கோலத்தில்கூட ஸ்டிக்கர் ஒட்ட இடம் கண்டுபிடித்த மனுஷர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ரொம்ப எரிச்சலாக இருக்கிறது.

அருள்செல்வன்


தூத்துக்குடி,
24.9.2024

மச்சானுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? லாரி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரபீக் பாய் கையை விரிக்கிறார். "உங்க மச்சான் ஒண்ணும் குடுக்கலீங்க தம்பி, நல்லாத்தான் இருக்காரு, ஆனா பேசறதில்லீங்க" என்கிறார். போனையும் எடுக்கவில்லை.

போன கடிதத்தில் அதிகமாக எழுதிவிட்டேனோ என்று நினைத்தேன். மறுபடி யோசித்தால் ஒரு வரியைக்கூட வாபஸ் வாங்கத் தோன்றவில்லை.

இத்துடன் வருவது முன்மரம். மூன்றாவது தடவையாகக் கட்டியது. நான் வேண்டாம் என்றேன். அக்காதான் அனுப்பியே ஆக வேண்டும் என்றாள்.

அருள்


வேலம்பாளையம்,
3.10.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இறைவன் அருளால் இங்கு நலம். அங்கு அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

முன்மரம் கிடைத்தது. மிகவும் நேர்த்தியான வேலை. ஒரு குறையும் இல்லை. அம்பு எதுவும் ஒட்டவில்லை. கட்டியவருக்கு என் பாராட்டைத் தெரிவிக்கவும். அடுத்து நடுமரத்தைத் தொடங்கலாம்.

பாய்களுக்காகக் கம்பெனியில் இருப்பதிலேயே மெல்லிய பனியன் துணி ஒரு மீட்டர் அனுப்பியிருக்கிறேன். போதாவிட்டால் எழுதவும்.

இப்படிக்கு,
மகுடேஸ்வரன்


தூத்துக்குடி,
15.10.2024

குகன் அப்பாவுக்கு,

தேவிப்பிரியா எழுதுகிறேன். அருள் எழுதி எழுதிக் களைத்துவிட்டான், அதனால் நானே எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். இந்த ஊர்த் தண்ணீர் பழகிவிட்டது. உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று எந்தக் கடிதத்திலும் இல்லை.

ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இடது பக்கம் மூன்றாவது கயிற்றை நான் வேண்டுமென்றே தொய்வாக விட்டேன். ஏணியின் நடுவில் ஒரு படியைக் கோணலாகக் கட்டினேன். கண்ணாடி போடாமலே தெரியும் கோணல். கோலத்தில் ஒரு கம்பி தப்பினால் கண்டுபிடிக்கிற உங்களுக்கு அது தெரியாமல் போகுமா? யாரோ ஒரு ஆள் என்று நினைத்தபோது விளக்கடியில் வைத்துப் பார்த்தீர்கள். நான்தான் என்று தெரிந்ததும் பார்க்காமலே பாஸ் போட்டுவிட்டீர்கள். இதற்கு அந்த அம்பே தேவலாம்.

முதல் தடவை நீங்கள் சொன்னதெல்லாம் நிஜம். நூலில் பஞ்சு இருந்தது, ஏணிப்படி அளவு தப்பு. எனக்கு எரிச்சல் வந்தது, ஆனால் பொய் என்று தோன்றவில்லை. அவிழ்த்துக் கட்டினேன். இப்போது பாராட்டு என்று ஒன்று வந்திருக்கிறது, இதை வைத்து நான் என்ன செய்வது?

குறை சொல்லாதீர்கள் என்று நான் என்றைக்காவது சொன்னேனா? வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றுதான் சொன்னேன். "தேவி, முந்தானை பிரிஞ்சிருக்குது பாரு" என்று காதோடு சொல்லியிருந்தால் ஊக்கைக் குத்திக்கொண்டு, "உங்க வேட்டிக் கரை மட்டும் என்ன வாழுதாமா" என்று திருப்பிக் கேட்டிருப்பேன். அதோடு போயிருக்கும். ஸ்டிக்கரிடம் நான் என்ன கேட்பது? பனியன் பதில் பேசாது, அதற்கு அம்பு ஒட்டலாம். நான் பேசுவேன்.

பனியன் துணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இழுத்தால் இழுத்த பக்கம் வரும் துணியில் பாய் தைத்தால் முதல் காற்றிலேயே தொப்பை போட்டுவிடும். திருப்பூர்க்காரருக்கு உலகத்தில் பனியனை விட்டால் துணியே கிடையாது. பாய்க்குத் தறித்துணிதான் வேண்டும்.

தேவிப்பிரியா


வேலம்பாளையம்,
27.10.2024

தேவிக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்தேன். பல தடவை படித்தேன்.

பார்த்தேன். பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டதே அந்த மூன்றாவது கயிறுதான். கோணல் படியும் தெரிந்தது. பழக்கத்தில் ஸ்டிக்கரை எடுத்துக் கத்தரித்தும்விட்டேன். ஒட்டக் கை வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பனியனைக்கூடப் பொய்யாகப் பாஸ் போட்டதில்லை. இதைப் போட்டேன்.

என் வேலையிலும் குறை இருக்கிறது. கப்பலின் வலது பக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரு பட்டை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. எத்தனை ஆவி காட்டினாலும் படிய மாட்டேன் என்கிறது. கத்தி வைத்துக் கிளப்பினால் பக்கத்துப் பட்டையும் சேர்ந்து வருகிறது. இதை அருளிடம் சொல்லவில்லை. ஷெல்பில் வைக்கும்போது அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிடலாம் என்று இருந்தேன். இந்தக் கப்பலைச் செய்வதில் எனக்கு நிம்மதி கிடைக்கும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இப்போது பார்த்தாலே ஆத்திரம் வருகிறது, ஆனாலும் ஷிப்ட் முடிந்ததும் அதன் முன்னால்தான் போய் உட்காருகிறேன். சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கிறது. மேஜையில் வேறு எதுவும் வைப்பதற்கு இல்லை.

தறித்துணி பற்றி நீ சொன்னது சரி. சோமனூரில் மெல்லிய காடாத் துணியாகப் பார்த்து வாங்கி அனுப்புகிறேன்.

குகன் பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு நேராக அங்கே வருவதாகச் சொன்னான். நல்லது, வரட்டும். எனக்குக் கம்பெனியில் வேலை இருக்கிறது. நடுமரம் எந்த அளவில் நிற்கிறது என்று எழுது.

மகுடேஸ்வரன்


தூத்துக்குடி,
11.11.2024

குகன் அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். குகன் நாலு நாள் இருந்துவிட்டுப் போனான். இளைத்திருக்கிறான்.

தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகக் கிடக்கும். டீக்கடைகூடத் திறக்காது. மிஷின் ஓட்ட ஆள் இல்லாத ஊரில் உங்களுக்கு மட்டும் என்ன செக்கிங்?

பட்டை முறுக்கிக்கொண்டதை எனக்கு எழுதினீர்களே, அது நன்றாக இருந்தது. நிஜமாகச் சொல்கிறேன், அந்த வரியை அருளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். கயிற்றைப் பார்த்ததாக எழுதியதும் எனக்குப் போதும்.

போதாத ஒன்றும் இருக்கிறது. நீங்கள் ஜூன் மாதத்திலிருந்து அனுப்பிய கடிதங்களை எல்லாம் நேற்று வரிசையாக வைத்துப் படித்தேன். நூல், மெழுகு, ஏணிப்படி, முடிச்சு, காடாத்துணி, குழாய், பிளம்பர் எல்லாம் இருக்கிறது. நான் வீட்டுக்குத் திரும்பி வருவேனா என்று ஒரு வரி இல்லை. அருளிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்கவில்லை. குகனிடம் விசாரித்தேன். "அப்பா எங்கிட்ட சாப்டியான்னு மட்டுந்தாம்மா கேட்டாரு" என்கிறான்.

கேட்காத கேள்விக்கு நான் எத்தனை நாள் பதிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? எனக்கும் அலுப்பாக இருக்கிறது. நடுமரம் பாதியில் நிற்கிறது, அதை நான் இனித் தொடப்போவதில்லை. கப்பலை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு கடிதம் உங்களால் எழுத முடிந்தால் எழுதுங்கள்.

தேவிப்பிரியா


வேலம்பாளையம்,
16.11.2024

தேவிக்கு,

நான் நலமாக இல்லை. சர்க்கரை இருநூற்று நாற்பது. தீபாவளியன்று எனக்கு எந்த வேலையும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். மெஸ்ஸும் பூட்டியிருந்தது. பிஸ்கட் தின்றேன்.

நீ சொன்ன அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் ஜூனில் பேனாவை எடுத்தேன். கேட்டால் நீ வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாய், அதற்குப் பிறகு எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது என்று பயந்தேன். கயிற்றைக் குறை சொல்லி எழுதினால் எப்படியும் அங்கிருந்து ஒரு பதில் வந்துகொண்டிருக்கும். சமையலறையில் இருந்து நீ சொன்னதை அருள் எழுதினான் பார், அந்த மாதிரி ஒரு வரி வந்தால்கூடப் போதும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். தேவி, வீட்டுக்கு வருகிறாயா?

வரமாட்டேன் என்றால் அதையும் எழுதி ரபீக் பாயிடம் கொடுத்தனுப்பு. என்மேல் உள்ள குறைகளை எல்லாம் எழுது, எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன். ஆனால் அதற்குக் கடிதத்தில் பதில் எழுத மாட்டேன். அடுத்த லாரியில் நானே ஏறி வந்து, உன் எதிரில் உட்கார்ந்து, இதையே இன்னொரு தடவை வாயைத் திறந்து கேட்பேன்.

மகுடேஸ்வரன்